ரெட் ரிவருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி

டெக்சஸில், ஆஸ்டினில் இருந்த பெரிய பல்கலைக்கழகத்தில் எனக்கும் என் பள்ளித் தோழிக்கும் இடம் கிடைத்திருந்தது. எனக்கு அது மட்டும் போதாது, அவளும் வர வேண்டும். "அந்தப் பொண்ணோட ஒரே ரூம்னா ஓகே. தனியா அனுப்ப மாட்டேன்மா" என்று அப்பா சொல்லியிருந்தார்.

அவள் சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவள். எங்கள் ஊர் பிளானோவில் பள்ளி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எங்கள் வீட்டு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பாள். அப்பாவுக்கு அந்த நற்சான்றே போதும்.

2006 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, "ஓக்லஹோமால ஒரு காலேஜ் பார்க்கப் போறேன், சும்மா கூட வா" என்றாள். அவள்தான் ஓட்டினாள். டெக்சஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் எல்லையான ரெட் ரிவர் பாலத்தைத் தாண்டிப் போனோம். சின்னக் கல்லூரி. லேப் எப்படி, எந்தக் கம்பெனிகள் வேலைக்கு எடுக்க வரும் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை.

பழங்குடி மாணவர்களுக்கான அறையில் பெரிய பாத்திரத்தில் சோளமும் பன்றி இறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தன. சமைத்துக்கொண்டிருந்த அவள் சித்தி அவளைக் கட்டிக்கொண்டு, "ஆகஸ்ட்ல இங்க சேரும்போது உன் ரூம்மேட் யாருன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்காமல் கரண்டியை எடுத்துக் கிளற ஆரம்பித்தாள்.

காருக்கு வந்ததும் கேட்டேன். "எப்ப முடிவு பண்ணினே?"

"கிறிஸ்துமஸுக்கே. வீட்ல எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். என் கசின் ஒரு பெரிய காலேஜ்ல சேர்ந்து, நம்ம ஆள் ஒருத்தர்கூட இல்லைன்னு திரும்பி வந்துட்டான். இங்க சொந்தத்துல யாராவது செத்தா லீவுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். அந்தச் சாவுக்கு புரொஃபசரே வந்திருப்பார்."

"அப்புறம் எதுக்கு என்னோட கடை கடையா வந்து நம்ம ரூமுக்குத் திரைச்சீலை பார்த்தே?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

அவள் சொன்ன காரணங்களை வழியெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் தப்பு இல்லை. என்னிடம் சொல்லாமல் இருந்ததற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ ஆஸ்டின் கேன்சல்" என்றார் அப்பா, டிவியிலிருந்து திரும்பாமலே.

"வேற ரூம்மேட் பார்த்துக்கறேன்பா."

"முன்னப்பின்ன தெரியாத பொண்ணோடயா? இங்கயே காலேஜ் இருக்கு, வீட்லேர்ந்தே டோல் ரோட்ல போயிட்டு வந்துடலாம். கார் வாங்கித் தரேன்."

அம்மா சமையலறையிலிருந்து சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். "அதான் நீ வீட்லேர்ந்து காலேஜ் போக கார் வேணும்னு போன வாரமே டீலர்கிட்ட பேசி வெச்சிட்டாரே! உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னார்."

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.