மீசை வரைந்த சேம்பிலை

இதை எழுதவே வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் விஞ்ஞானம் எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அன்று ஜெயித்தது நான்தான்.

இறம்பொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு வீட்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே பீலி. மலையிலிருந்து விழும் அந்தத் தண்ணீரை விடியலில் எந்த லயம் முதலில் பிடிப்பது என்பதைப் பொங்கலன்று பிள்ளைகளை ஓடவிட்டு முடிவு செய்வார்கள். அடுத்த பொங்கல்வரை அதுதான் சட்டம். வருசா வருசம் மேல் லயமே ஜெயித்தது. எங்களுடையது கீழ் லயம். அம்மா கடைசியில் தண்ணீர் பிடித்துவிட்டு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடினால், கணக்கப்பிள்ளை பேர் எழுதி முடித்திருப்பார். அன்று வேலையில்லை, சம்பளமுமில்லை.

உள்ளங்கையில் சேம்பிலையை விரித்து, அதில் ஒரு கரண்டித் தண்ணீர் விடுவார்கள். சிந்தாமல் கோயிலைச் சுற்றி வரவேண்டும். சேம்பிலையில் தண்ணீர் எங்கே நிற்கும்? பாதரசம் மாதிரி உருண்டோடும். அந்த வருசம் எங்கள் லயத்துக்காக நான் ஓடினேன். மாமா ஓடைக்குப் போய், விரல் படாமல் காம்பைப் பிடித்து, பளபளவென்று ஓர் இலை கொண்டுவந்து தந்தார். விசில் ஊதும்வரை எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, இலையின் நடுவில் மாமாவின் மீசையை வரைந்தேன்.

“அடப்பாவி! இலைய நாசமாக்கிட்டியேடா!”

“மீச அம்சமா இருக்குல்ல மாமா?”

அவர் கை ஓங்குவதற்குள் விசில். மேல் லயத்துப் பையன், இன்றைக்கும் என் கூட்டாளி, முதல் வளைவிலேயே தண்ணீரைக் கால்சட்டையில் கொட்டிக்கொண்டான். என் தண்ணீரோ மீசைக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அடிக்க வந்த மாமாவே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றினார்.

மறுநாள் விடியலில் அம்மா குடத்தோடு பீலிக்குப் போன நடையைப் பார்க்கவேண்டும். “தள்ளுங்கடி, ஜெயிச்சவனப் பெத்தவ வர்றேன்!”

எல்லாம் மாமா மீசையின் மகிமை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். போன மாதம்தான் அட்டனில் ஒரு விஞ்ஞான மாஸ்டர் சொன்னார்: சேம்பிலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி மேடுகளாம், மேலே மெழுகாம். தண்ணீர் மேட்டு உச்சிகளில் மட்டும் நிற்கும், அடியில் காற்று, அதனால்தான் உருள்கிறது. தேய்த்தால் மேடு நசுங்கி, மெழுகும் போய், தண்ணீர் ஒட்டிக்கொள்ளும்.

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இதைக் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் அந்தக் காலரையே எட்டிப் பிடித்தான்.

“அப்ப அந்த வருசம் பூரா எங்கம்மா பெரட்டுக்கு அரக்கப்பரக்க ஓடுனது ஒன் கிறுக்கலாலயாடா?”