கடைசி டக்கு

தையல்காரனுக்குப் பதின்மூன்று வயதைப் போல ஒரு சத்துரு கிடையாது. பெரியவர்களின் அளவு மாறாது. குழந்தைக்குத் தொளதொளவென்று தைத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நடுவில் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அளவெடுத்துத் தைத்துப் பொத்தான் வைப்பதற்குள் வேறு ஆளாகி வந்து நிற்பார்கள்! யுத்த காலத்தில் தென்காசியில் மிஷின் போட்டு உட்கார்ந்து நான் பட்ட பாட்டை, வளரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு முழிக்கிற நீங்கள்தான் புரிந்துகொள்வீர்கள்.

சுருங்கிய சட்டை

பாவூர்சத்திரத்து வெள்ளாமைக்காரர் ஒருவர் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். தீபாவளிக்குத் தைத்த முழுக்கைச் சட்டை, ஆனி மாதத்தில் மணிக்கட்டை விட்டு மேலேறி நின்றது. "துணியை அமுக்கிட்டீரு வே!" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். எனக்கும் சுள்ளென்று வந்துவிட்டது. அளவு நோட்டைப் பிரித்துக் காட்டி, பையனை நிறுத்தி மறுபடி டேப்பைப் பிடித்தேன். கை ஒன்றரை அங்குலம் ஓடியிருந்தது. நெஞ்சளவு அப்படியே இருந்தது.

"இந்த வயசுல முதல்ல கையும் காலும்தான் ஓடும் அண்ணாச்சி, உடம்பு மெல்லப் பின்னால வரும்" என்று விளக்கினேன். அவர் சட்டையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப உம்மைச் சொல்லிக் குத்தமில்லை, இவன் ஆத்தா வடிக்கிற சோத்தைத்தான் சொல்லணும்."

மச்சானுக்குக் கொடுத்த வாக்கு

அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் துணியை உள்ளே மடித்து, வளர்த்தி விட்டுத் தைக்க ஆரம்பித்தேன். அந்த ஞானம் தலைக்கேறிய நேரத்தில்தான் வம்பை விலைக்கு வாங்கினேன். என் மகள் செண்பகம் அப்போது ஆறாம் வகுப்பு. எட்டாவது தேறினால் டீச்சர் டிரெய்னிங் போகலாம் என்று அதே நினைப்பாக இருப்பாள். என் மனைவி பேச்சியம்மாளின் அண்ணன், சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ஒரே பிடியாக நின்றார். "பொம்பளைப்பிள்ளை உசந்துட்டா தெருவழியா பள்ளிக்கூடம் போகக் கூடாது மாப்பிளே, நிறுத்திரும்." எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

நான் தொழில்காரன் அல்லவா, தொழிலிலேயே ஒரு வழி சொன்னேன். செண்பகத்தின் பாவாடைகளில் கீழே மூன்று டக்கு, அதாவது மூன்று மடிப்பு, பிடித்துத் தைத்திருந்தேன். பிள்ளை உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியது. "கடைசி டக்கைப் பிரிக்கிற அன்னைக்குப் படிப்பை நிறுத்திருவோம் மச்சான்" என்று வாக்குக் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒன்று பிரித்தால் எட்டாவது முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

நான் அளவெடுத்ததெல்லாம் பையன்களை. அவர்கள் பதின்மூன்றுக்கு மேல்தான் ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் இரண்டு வருஷம் முந்தியே புறப்பட்டுவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தீபாவளிக்கு ஒரு டக்கு போயிற்று, பங்குனியில் அடுத்தது. பேச்சியம்மாள் பிரித்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஊருக்கெல்லாம் அளவெடுக்கியளே, வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை வளருதாளே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

உள்பை

மிச்சமிருந்த அந்த ஒற்றை டக்கு மனசில் கிடந்து அறுத்தது. ஆனாலும் தொழில் நடக்க வேண்டுமே. செங்கோட்டையில் ஒரு பண்ணை வீட்டுப் பையன், பதினாலு வயசு. குரல் உடைந்து, பாதிப் பேச்சு கீச்சென்றும் பாதி கரகரவென்றும் வரும். தனியாக வந்து, "அண்ணாச்சி, சட்டைக்கு உள்ள ஒரு பை வைக்கணும், அம்மாட்ட சொல்லக் கூடாது" என்றான். எதற்கு என்றேன். "சும்மா" என்றான். போன வருஷம்வரை பம்பரத்தை மேல்பையில் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டித் திரிந்தவன்! சரி என்று வைத்துக் கொடுத்தேன்.

பத்தே நாளில் அவன் அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். சட்டையைப் புரட்டி என் முன்னால் போட்டார்கள். மாட்டிக்கொண்ட திருடன் போல நின்றேன். "உள்ள அப்படி என்னத்தைத்தான் வச்சிருக்கான்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்கள்: "தினமும் பாக்கேன், ஒண்ணுமே இல்லை டெய்லரே, அதான் பயமா இருக்கு."

இடுப்பில் ஒட்டு

செண்பகம் ஏழாவது சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பாவாடை மறுபடியும் கணுக்காலை விட்டு ஏறிவிட்டது. யுத்தத்தால் துணிக்கும் ரேஷன் கார்டு போட்டிருந்த காலம். புதுத்துணி வேண்டுமென்றால் மச்சான் கடையில்தான் போய் நிற்க வேண்டும், கேட்டால் எதற்கு என்பார். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கமும் எனக்கு இல்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டு, டக்கைப் பிரிக்க மனசு வராமல் உட்கார்ந்திருந்தேன்.

செண்பகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அழுதிருப்பாள். இப்போது வக்கீல் மாதிரி ஆரம்பித்தாள். "டக்கைப் பிரிச்சா நிறுத்தணும்னுதானப்பா பேச்சு? பிரிக்காமலே பாவாடை நீண்டுதுன்னா?" அதெப்படி நீளும் என்றேன். வெட்டுத்துணி மூட்டையிலிருந்து காக்கித் துண்டுகளை எடுத்து வந்தாள். பாவாடையின் இடுப்புப் பட்டியைப் பிரித்து, அதற்குக் கீழே நாலு அங்குலம் ஒட்டுக் கொடுக்கச் சொன்னாள். ஒட்டைச் சட்டை மூடிக்கொள்ளும், கீழே டக்கு இருந்தபடி இருக்கும்.

அசந்துபோனேன். இருபது வருஷமாகக் கீழேயே நீட்டிப் பழகியவன் நான், மேலே நீட்டலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லையே! இருந்த இரண்டு பாவாடைக்கும் அன்றைக்கே ஒட்டுக் கொடுத்தேன். "யாரு ஏட்டி உனக்கு இதைச் சொல்லித் தந்தா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலைப்பா, இப்பல்லாம் ஒண்ணை நினைச்சா அது தானா அடுத்ததுக்குப் போகுது."

ஈர வேட்டி

அடுத்த ஆனியில், செண்பகம் எட்டாவதில் நுழைந்த சமயம், மச்சான் குற்றாலத்தில் குளிக்க வந்து நாலு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். வந்ததும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் தோளுக்கு வந்துவிட்டாள். குனிந்து பாவாடையைப் பார்த்தார். டக்கு அங்கனயே இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனார்.

ஆனால் பாழாய்ப்போன சாரல் நாலு நாளும் விடவில்லை. துவைத்தவையெல்லாம் வீட்டுக்குள் கொடியில்தான் தொங்கின, செண்பகத்தின் இன்னொரு பாவாடை காக்கி ஒட்டைப் பப்பரப்பா என்று காட்டிக்கொண்டு. பதறிப்போய் என் ஈர வேட்டியை அதன்மேல் போட்டு மூடினேன். மச்சான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

செண்பகம் எட்டாவது தேறிவிட்டாள். சுரண்டைக்குக் கூட்டிப்போனேன். மச்சான் காலில் விழுந்து எழுந்தாள். "வாக்குத் தவறலை மச்சான், டக்கு இன்னும் பிரிக்கலை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் நல்ல துணியாக நாலு கெஜம் கிழித்து அவள் கையில் கொடுத்தார். "தெரியும் வே. போன சீசன்லயே உம்ம ஈர வேட்டியை விலக்கிப் பாத்தாச்சு." எனக்கு முகம் செத்துவிட்டது. அப்பவே ஏன் கேட்கவில்லை என்றேன். "அந்த யோசனை உமக்கு வந்திருக்காது மாப்பிளே, பிள்ளைக்குத்தான் வந்திருக்கும், அதான் படிக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

இத்தனை வருஷத்து அளவு நோட்டில் நான் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: ஐம்பது வயசு மச்சானும் வளருவார் என்பது.