கும்பிடு போட்ட டிரைவர்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கலியமூர்த்தியைத் தெரியாதவர் கிடையாது. சுடாத பச்சைப் பொம்மைகளைச் சூளைக்குக் கொண்டுபோகிற ‘சின்ன யானை’ என்கிற குட்டி லாரி அவருடையது. நிலத்தை விற்று வாங்கிய வண்டி. வீட்டில் அடுப்பெரிவதே அதனால்தான். மனுஷன் தங்கம், வாய்தான் கொஞ்சம் நீளம். அதுவும் போலீஸ் செக்கிங் என்றால் போதும், சாமி வந்துவிடும்.

பெண்ணாடம் ரோட்டில் ஏட்டு சுப்புராயன் கை காட்டினால், இறங்கும்போதே ஆரம்பிப்பார்.

“எந்தச் சட்டத்துல சார் இருக்குது, தெனம் நிறுத்தச் சொல்லி? நான் என்ன திருடனா?”

“யூனிபார்முல இருக்கிறவன் நிறுத்துனா நிக்கணும், லைசென்சு காட்டணும். சட்டத்துல இருக்குது. காசு கேட்டாத்தான் தப்பு. நான் கேட்டனா?”

“கேக்கல. ஆனா இதனால யாருக்கு என்னா பிரயோசனம்?”

வருஷக்கணக்காக இதே கச்சேரிதான். ஏட்டும் விட்டதில்லை, இவரும் அடங்கியதில்லை.

அது 2008, கொலுப் பொம்மை சீசன். பச்சைப் பொம்மை ஏற்றிவிட்டால் கலியமூர்த்தி வழியில் இஞ்சினை அணைக்கவே மாட்டார். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வண்டி உதறும், பொம்மைக் கழுத்து ஒடியும். அன்று காலையும் பாலக்கரையில் வண்டியை ஓடவிட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குள் போனார். டீயை வாயில் வைக்கவில்லை, எவனோ ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

“அடப்பாவி! என் வயித்துல அடிச்சிட்டானே!”

செருப்பு அறுந்துபோகும்வரை ஓடினார். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கா போனார்? அதுதான் இல்லை. மனைவி அமுதவள்ளியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டக் கிளம்பினார். அந்தச் சாமியிடம் எழுதிக் கட்டினால் நியாயம் கிடைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. போலீஸை நம்பினால்தானே ஸ்டேஷனுக்குப் போவதற்கு!

கோயில் போய்ச் சேருவதற்குள் செல்போன் அடித்தது. வண்டிக் கதவில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து ஏட்டுதான் கூப்பிட்டார்.

“யோவ் கலியமூர்த்தி, வண்டி எங்கய்யா?”

“போச்சு சார்... பொழப்பே போச்சு...”

“எங்கயும் போவல. என் முன்னாடிதான் நிக்குது. வா.”

ஆட்டோ பறந்தது. ரோட்டோரம் வண்டி நின்றது. பக்கத்தில் ஒருவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கலியமூர்த்தி வண்டியைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. பின்னால் பொம்மைகள் நொறுங்கிக் கிடந்தன. கிடக்கட்டும், சுடாத மண்தானே, கரைத்து மறுபடி செய்துகொள்ளலாம்.

“எப்பிடி சார் கண்டுபுடிச்சீங்க?” என்று அமுதவள்ளி கேட்டாள்.

“கை காட்டுனேம்மா. வேற ஆளு இருந்தான், மாத்து டிரைவர்னு நெனச்சேன். எறங்கி, ‘வணக்கம் ஐயா’ன்னு கும்புடு போட்டான். இந்த வண்டியிலேர்ந்து எனக்கு மரியாதையா? அப்பவே சந்தேகம் வந்துட்டுது. லைசென்சு கேட்டேன், திருதிருன்னு முழிச்சான்.”

அமுதவள்ளி சிரித்துவிட்டாள். “ஒரு நல்ல வார்த்த சொல்லுங்களேன்,” என்று புருஷனை இடித்தாள். அவரோ ஏட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அதே இடம். வண்டியைப் பார்த்ததும் சுப்புராயன், “போய்யா, போ” என்று கையசைத்தார்.

கலியமூர்த்தி ஓரங்கட்டி இறங்கினார்.

“என்னா சார், பாக்காம போவச் சொல்றீங்க? ஓட்டுறது நான்தானான்னு பாக்க வேணாமா? எந்தச் சட்டத்துல இருக்குது, இப்பிடிச் சும்மா வுடச் சொல்லி?”