அவன் பார்த்து வந்த பீர்

எண்பதுகளின் கடைசியில், மறைமலை நகரில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வருவதாக இருந்தது. அதை ஓட்டப் பழகிவர ஒருவரை மூன்று மாதம் அங்கே அனுப்பினார்கள். நானும் என் நண்பனும் ஒரே செக்‌ஷன். தாம்பரத்திலிருந்து ஒரே ரயிலில் போய்வருவோம். கைவேலையில் நான் ஒரு படி மேல் என்று அவனே சொல்வான். ஆனால் அவன் பத்தாவது பாஸ், நான் ஐந்தாவதோடு நின்றவன். அவன் போனான்.

திரும்பி வந்தவன் மெஷினைவிட பீரைப் பற்றித்தான் அதிகம் பேசினான். சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் உட்காரும்.

"பீருக்குன்னே அங்க ஒரு சட்டம் கீது மச்சான். பார்லி, தண்ணி, ஹாப்ஸுன்னு ஒரு கசப்புப் பூ. அவ்ளோதான். வேற இன்னா கலந்தாலும் தப்பு. ராஜா காலத்துல போட்டது. ஐந்நூறு வருசம் ஆவப் போவுது."

"இங்க பாலுக்கே சட்டம் இல்ல," என்றார் லேத் ஓட்டும் அண்ணன்.

"அந்தக் காலத்துல மடத்துச் சாமியாருங்களே காய்ச்சுவாங்களாம் அண்ணா. விரத நாள்ல சாப்பாடுதான் கூடாது, பீர் கூடும்."

"அந்த மடத்துல எனக்கு ஒரு எடம் பாரு."

மரத்தடியில் நீள நீள பெஞ்சு போட்டிருக்குமாம். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்களாம். வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாம். பீரை மட்டும் அங்கே வாங்கினால் போதும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு குடிப்பார்கள். கிளாஸை இடிக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் மரியாதை இல்லை. எங்கள் பக்கத்தில் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி வாங்கி, சுவரைப் பார்த்து நின்று குடித்துவிட்டு, பாக்கை மென்றபடி வீட்டுக்குப் போவோம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

நான் மேஜையின் ஓரத்தில் தலை நிமிராமல் சாப்பிடுவேன். ஒரு வார்த்தையைக்கூட விட்டதில்லை. ரயில் வண்டலூரைத் தாண்டும்போது அந்த மரத்தடி பெஞ்சில் நானே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். அந்த பெஞ்சில் அவன் இருக்க மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷோகேஸில் அவன் கொண்டுவந்த பீர் ஜாடி இருந்தது. சாம்பல் நிறம், நீலப் பூ வேலை, மேலே கீலோடு ஒரு தகர மூடி. கையில் எடுத்தேன். உள்ளே ஏதோ குலுங்கியது.

"ஊசி, பட்டன்லாம் அதுலதான் போட்டு வெச்சிருக்கேன் அண்ணா," என்றார் அவன் மனைவி. "இவருக்கு பீர் புடிக்கவே இல்லியாம். கசக்குதுன்னு மூணு மாசமும் ஜூஸ் குடிச்சிருக்காரு."

"கேன்டீன்ல சொல்லிடாத மச்சான், மானம் பூடும்," என்று அவன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. ருசி தெரியாத வாய்க்குப் போய் அது கிடைத்திருக்கிறதே என்று அன்றைக்கெல்லாம் வேறு நினைப்பில்லை.

அடுத்த வருடம் இன்னொரு மெஷின் வருவதாகப் பேச்சு வந்தது. மறுபடியும் ஒருவர் போக வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு ஏறுகிறவர், குடி என்றாலே ஆகாது.

"உன் ஃப்ரெண்டையே அனுப்பலாம்னு இருக்கேன். ஆனா எப்பப் பாத்தாலும் பீர் பேச்சுதானாமே. குடிப்பானா?"

இல்லை சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வீட்ல பீர் ஜாடி வெச்சிருக்கான் சார்," என்றேன்.

"அப்படியா," என்றார். போகச் சொல்லிவிட்டார்.

வேறு செக்‌ஷனிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். என்னை அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் போக வேண்டும் என்றுகூட அப்போது நினைக்கவில்லை. அவன் போகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

செய்தி தெரிந்த சாயங்காலம் ரயிலில் அவன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"குடிகாரன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க மச்சான். நீ எங்கூடவே இருக்கிறவன். உன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சரியாப் போயிருக்கும்."

"ஆமா," என்றேன்.

கூடுவாஞ்சேரி வந்தது, போனது.

"போவட்டும்," என்றான். "ஒரு தபா கண்ணால பாத்துட்டேன் இல்ல."

அவனுக்கு நான் செய்தது அந்த நிமிடத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பார்த்துவிட்டேன் என்றானே, அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் நின்றது. அதை அவனிடமிருந்து எடுக்க எந்த மேனேஜராலும் முடியாது.