முசரவாக்கத்தில் எப்போதும் ஒரு முனுசாமி

காலை 6.10, தாம்பரம். காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. வாலாஜாபாத் வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். பையில் புது நோட்டு ஒன்று, பேனா மூன்று, தொப்பி, வெயிலுக்குப் பூசும் களிம்பு. குடும்ப வரலாறு எழுதப் போகிறவனுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் எதிர்வீட்டுக்காரர்தான் காரணம். தன் ஏழு தலைமுறையையும் மரமாக வரைந்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். என் வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதியில்லை. ஆனால் பொறாமைப்பட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. “முசரவாக்கத்துல நமக்கு நிலம் இருக்குது” என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா மகன் ஏழுமலைக்குப் போன் செய்து, வரலாறு எழுத வருகிறேன் என்றேன்.

“வியாழக்கிழமையே வந்துடுணா. ஆதார் கார்டு மறக்காம எடுத்துனு வா” என்றான்.

சொந்த ஊருக்குள் நுழையவே அடையாள அட்டையா என்று சிரித்துவிட்டு, எடுத்து வைத்துக்கொண்டேன்.

8.05, காஞ்சிபுரம். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று பேர் என்னைப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போகப் பார்த்தார்கள். என் சட்டையைச் சரியாகப் பார்த்திருந்தால் அழைத்திருக்க மாட்டார்கள். முசரவாக்கத்துக்கு ஆட்டோ இருநூற்று ஐம்பது.

“பூர்வீகத்த பாக்க வந்தீங்களா சார்?” என்றார் ஓட்டுநர். “சீக்கிரம் பாத்துடுங்க. அந்தப் பக்கம் பூரா பிளாட்டு போட்டுக்கினு வராங்க.”

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலைத் தாண்டியதும் அவர் சொன்னது தெரிந்தது. வயல்களில் வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள். எந்தப் பயிரும் அவ்வளவு நேர்வரிசையில் முளைத்து நான் கண்டதில்லை.

9.00, முசரவாக்கம். ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தான். என்னைவிட மூன்று வயது இளையவன். பத்து வயது மூத்தவன் போலத் தெரிந்தான். அவன் மனைவி செல்வி மோர் கொடுத்தாள். சுவரில் மாலை போட்ட படத்தில் அவர்கள் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் புறவழிச்சாலையில் லாரி மோதி இறந்தவன். வயது இருபத்து நான்கு. பெயர் முனுசாமி.

என் பெயரும் முனுசாமிதான். தாம்பரத்தில் ‘சாமி சார்’ என்று சுருக்கி வைத்திருக்கிறேன்.

ஏழுமலை தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அதைப் படித்ததும், நோட்டில் எழுத நினைத்திருந்த முதல் வரியே பாழாயிற்று. எங்களுக்கு நிலமே இல்லை. ஒரு ஏக்கர் முப்பது சென்ட், சென்னையில் இருக்கும் ஒருவருடையது. நாங்கள் குத்தகைக்காரர்கள். குத்தகைதாரர் பெயர்: முனுசாமி. அவர் என் தாத்தாவுக்குத் தாத்தா.

“அவரு செத்தப்புறம் பேர மாத்தலையா?”

“எதுக்கு மாத்தணும்? பேரனுக்குத் தாத்தா பேரு வெக்கிறதுதானே வழக்கம். பேரு மாத்த போனா, ‘நீ யாரு, எறங்கு’ன்னு சொல்லிடுவாங்கன்னு பயம். எப்பவும் ஒரு முனுசாமி இருந்தா போதும்னு விட்டுட்டாங்க.”

அப்படித்தான் எங்கள் வம்சம் ஓடியிருக்கிறது. தாத்தாவுக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும் முனுசாமி என்றுதான் பெயராம். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்துப் பிறந்தவர் தாத்தா. அதே பெயரை அவருக்கும் வைத்துவிட்டார்கள். செத்த குழந்தையின் பெயரைச் சுமந்துகொண்டு எழுபது வருஷம் நாற்று நட்டிருக்கிறார் மனுஷன். பிறகு மூத்த பேரன் நான். அப்பா என்னையும் தூக்கிக்கொண்டு பட்டணம் போய்விட்டதால், ஊருக்கு ஒரு முனுசாமி வேண்டுமென்று ஏழுமலை தன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தான்.

இப்போது நிலத்துக்காரர் விற்கப் பார்க்கிறார். குத்தகைதாரர் முனுசாமி இறந்துவிட்டார், ஆகவே குத்தகையும் இல்லை என்று மனு கொடுத்திருக்கிறார். மதியம் விசாரணை.

“நான்தான் முனுசாமின்னு நீ சொல்லுணா. வேற ஒன்னியும் வேணா. மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான்” என்றான்.

வரலாறு எழுத வந்தவனை வரலாறாகவே நிற்கச் சொன்னார்கள்.

11.00, வயல். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “இத காட்டுனா அவ்ளோதான்” என்று ஏழுமலை மண்வெட்டியைக் கொடுத்தான். அரை மணி நேரம் வரப்பு வெட்டினேன். வரப்பைவிட அதிகமாக என் செருப்பை வெட்டினேன்.

“மாமா, நிலத்த வெட்டுங்க, வலிக்காது!” என்று செல்வி சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மகன் போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன் என்று ஏழுமலை பிறகு சொன்னான். கையில் இரண்டு கொப்புளம் வந்தது. பரிசு வாங்கியவன் போல எல்லோரிடமும் காட்டினேன்.

2.30, அரசு அலுவலகம். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. பொறுமையானவர். என் ஆதாரைப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. கையைப் பார்க்கவேயில்லை.

“நாத்து விட்டு எத்தனை நாள்ல பிடுங்கி நடுவீங்க?”

“மூணு மாசம்” என்றேன்.

நிலத்துக்காரரின் வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். அறுவடையே முடிந்துவிடும் காலத்தில் நான் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி சிரிக்கவில்லை.

“நிஜமா யாருங்க பயிர் வைக்கிறது?”

“நான்தாம்மா” என்று ஏழுமலை எழுந்தான். “முப்பது வருஷமா.”

“பேரு?”

“ஏழுமலை.”

“பதிவுல அந்தப் பேரே இல்லையேப்பா. உங்க தாத்தா செத்தப்பவே வாரிசுன்னு எழுதிக் கொடுத்திருந்தா, இன்னிக்கு உன் பேரு இருந்திருக்கும். ஏன் கொடுக்கல?”

“எப்பவும் ஒரு முனுசாமி இருந்துக்கினே இருந்தான்மா” என்றான்.

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதினார்: முனுசாமி என்பவர் தாம்பரத்தில் வசிக்கிறார், சொந்தமாகப் பயிரிடவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார். பயணம் முழுவதும் நான் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் குடும்ப வரலாற்றில் நான் எழுதியது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். குத்தகை இல்லையென்று ஆனது. நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இறங்கக் கூடாது.

5.40, காஞ்சிபுரம் பேருந்து நிலையம். ஏழுமலை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“உடுணா. மூணு மாசம்னு சொன்னியே, எங்கப்பா இருந்திருந்தா அங்கேயே அடிச்சிருப்பாரு” என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. செவிலிமேட்டில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இது எட்டாவது மாதம். “பையன் பொறந்தா முனுசாமின்னு வெக்கலாம்னு மாப்ள கிட்ட கேட்டு வெச்சிருந்தேன். இனிமே வேணா. அதுங்களே ஒரு நல்ல பேரா பாத்து வெச்சிக்கட்டும்.”

பேருந்து நகர்ந்தபோது அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடிக்கப் போனேன், கொப்புளம் எரிந்தது. அரை மணி நேர வேலைக்கு இந்தப் பாடு. தாம்பரம் வரை கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.