எருக்கிலையை வெற்றிலை என்று சொன்ன நாள்

போன வாரம் என் மகள், எங்கள் காம்பவுண்டில் அழகுக்காக வைத்திருக்கும் தங்க அரளியின் காயைக் கடித்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். ஆனாலும் தினமும் பள்ளி வேன் வரும் நேரத்துக்கு முன்பே பனியன் கம்பெனியிலிருந்து ஓடி வந்து வாசலில் நிற்கிறேன். அன்று ஆஸ்பத்திரியில், “பேச்சுக் கொடுத்துட்டே இருங்க, ஏதாவது மாற்றம் தெரிஞ்சா கூப்பிடுங்க” என்று நர்ஸ் சொன்னபோதுதான் குண்டடத்து அத்தை நினைவுக்கு வந்தார். மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன்.

அத்தை என் மாமாவின் மனைவி. அவர்கள் தோட்டத்தில் கண்வலிக் கிழங்கு போட்டிருந்தார்கள். அதன் விதை மருந்துக்குப் போகும். புத்தகங்களில் அதற்குச் செங்காந்தள் என்று பெயர். பூத்தால் கம்பிப் பந்தலே தீப்பிடித்ததுபோல் இருக்கும். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் ஆட்கள் கையாலேயே ஒற்றிவிடுவார்கள். இலை நுனி கொக்கிபோல் சுருண்டு கம்பியைப் பற்றிக்கொள்ளும். அது விஷம் என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். வேலியில் இருந்த அத்தனை செடிகளுக்கும் பெயர் சொல்வேன் என்ற கர்வமும் எனக்கு அப்போது உண்டு.

ஆனால் நான் அங்கே போயிருந்த கோடை விடுமுறையில் கொடிகள் காய்ந்து மடிந்திருந்தன. இலையும் இல்லை, பூவும் இல்லை. அடுத்த நடவுக்குத் தோண்டிய கிழங்குகள் மட்டும் நிழலில் பரப்பிக் கிடந்தன. சர்க்கரைவள்ளி என்று நினைத்து ஒன்றைப் பாவாடையில் துடைத்துக் கடித்தேன்.

அத்தை ஓடி வந்து என் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். வலி தாங்காமல் விரலையும் கடித்தேன்.

“முழுங்கினயா கண்ணு? நெசத்தச் சொல்லு.”

“இல்லீங்கத்தை, கசந்துச்சு. துப்பிட்டனுங்க.”

துப்பியது உண்மைதான். ஆனால் தின்பதைப் பற்றி அதுவரை நான் சொன்ன எதுவும் உண்மையாக இருந்ததில்லை என்பது அத்தைக்குத் தெரியும்.

மாமா வண்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார். அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்தார். பஸ்ஸைக் காணவில்லை. பக்கத்து வேலியில் கை நீட்டி ஒரு தழையைப் பறித்தார்.

“வெளையாடலாமா? இதென்ன?”

“துத்திங்க.”

“இது?”

“ஆடாதொடைங்க.”

ஒவ்வொரு பதிலுக்கும் என் நெற்றியைத் தொட்டார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்தேன். மாடு, அடுப்பு, ஆட்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும் அத்தை எனக்காக உட்கார்ந்திருப்பது பெருமையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிச் சொல்லிச் சலித்தும் போயிற்று. அடுத்து எருக்கிலையை நீட்டினார். எருக்கைத் தெரியாதவர் உண்டா? அத்தையைச் சிரிக்க வைக்க, கண்ணைச் செருகிக்கொண்டு இழுத்துச் சொன்னேன்.

“வெத்தலைங்க.”

“நல்லாப் பாரு சாமி.”

“வெத்…தலைங்கத்தை.”

அத்தை முகம் வெளுத்துவிட்டது. வெங்காய மூட்டை ஏற்றி வந்த ஒரு டெம்போவுக்கு முன்னால், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றார். காலில் செருப்பில்லை.

தாராபுரம் போய்ச் சேரும்வரை என்னை இறுக்கிப் பிடித்திருந்தார். “எருக்குங்க அது, சும்மா சொன்னனுங்க” என்றேன். காதில் வாங்கவில்லை. எதிர்ப்படும் ஒவ்வொரு மரத்தையும் காட்டி, “இதென்ன, அதென்ன” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

“ஏனுங்கக்கா, புள்ளைக்குப் பரீட்சைங்களா?” என்றார் டிரைவர். அத்தை அடுத்த மரத்தைக் காட்டினார்.

மறுநாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். குழந்தை எதையும் விழுங்கியிருக்காது, பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அத்தை சுவரோரம் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. திருப்பூரிலிருந்து பதறிக்கொண்டு வந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னது இதுதான்:

“அத்தைக்கு வெளையாடவே தெரியலம்மா. ஒரே ஒரு தழைக்குத்தான் தப்பாச் சொன்னேன். அதுக்குப் போயி அழுவறாங்க.”