ஓடைப்பக்கத்துக் கீரை

ஞாயிற்றுக்கிழமை சமையல் என் பொறுப்பு. என் மனைவி ராஜபாளையத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதான் அங்கே கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்து வீட்டில், நானும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும் இருப்போம்.

அன்று மக்காச்சோளக் களியும் கீரைக் கடைசலும் செய்தேன். மாசக் கடைசிக்கு ஏற்ற சாப்பாடு. சோளம் என் கூட்டாளியின் காட்டில் விளைந்தது. கோழித்தீவனத்துக்குப் போகிற மூட்டையிலிருந்து எனக்கும் கொஞ்சம் தருவான். மில்லில் கொடுத்துத் திரித்து வைத்துக்கொள்வேன். கீரையும் அவன் காட்டுக் கீரைதான். முந்தின நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு, அங்கே பெருமாளைக் கும்பிட்டுத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, இளஞ்சோளப் பயிருக்கு நடுவே களையாக மண்டிக் கிடந்த தொய்யக்கீரையைப் பை நிறையப் பறித்தேன். அவன் அப்போது அங்கே இல்லை. அவனிடம் கேட்டுப் பறிக்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

மக்காச்சோளம் சீக்கிரம் வேகாது. கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவித் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டியாகும்போது குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். கீரையைச் சின்ன வெங்காயம், பூண்டு, வற்றல் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தேன்.

மகள் தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "கீரை வேண்டாம்ப்பா. சீனி தொட்டுக்கிடுதேன்."

"ஏட்டி, இதத் தின்னு முடிக்காம எந்திரிக்கக் கூடாது."

"இது மாடு திங்கிறதுல்லா?"

"மாடு கண்ணாடியா போட்டிருக்கு? தின்னு."

தட்டைப் படம் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பிவிட்டு, மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். இறங்கி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. போன் அடித்தது.

"மாப்ள, இந்தக் கீரை எங்க பறிச்ச?"

"ஒங் காட்டுலதான். ஓடைப்பக்கம்."

"அங்க வெள்ளிக்கெழம களைக்கொல்லி அடிச்சிருக்குலே. ஒரு வார்த்த கேக்கமாட்டியா? யாரு சாப்பிட்டா?"

நான் இன்னும் சாப்பிட உட்காரவில்லை. மகளிடம், "எம்புட்டுச் சாப்பிட்ட?" என்றேன். "எல்லாந்தான்" என்றாள். விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன். வாசல்வரை போனவன் திரும்பி அடுப்படிக்குள் வந்து, சட்டியில் இருந்த கீரையை இரண்டு கை அள்ளி விழுங்கினேன். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கும்படி சொல்ல முடியவில்லை. அவளுக்கு ஆவது எனக்கும் ஆகட்டும் என்று தோன்றியது. படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லை.

ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ் வயிற்றைக் கழுவக் குழாயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நான் கீரையே சாப்பிடல டாக்டர். களிய மட்டுந்தான் சீனி தொட்டுச் சாப்பிட்டேன். கீரையக் கவருல போட்டுக் குப்பையில போட்டுட்டேன்."

"அப்ப யாருதான்மா சாப்பிட்டது?" என்றார் டாக்டர்.

வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப்போல நான் கையைத் தூக்கினேன்.

அவளுக்கு விரித்த படுக்கையில் என்னைப் படுக்கவைத்தார்கள். மனைவி பஸ் பிடித்து ஓடிவந்தாள். "புள்ளையக் காட்டணும்னு வந்துட்டு நீங்க படுத்துக் கெடக்கியளாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வயிற்றைப் புரட்டியதோடு சரி, மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவமனையில் மனைவி டீ வாங்கப் போன நேரத்தில் மகளிடம் கேட்டேன். "வீட்டுலயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"மருந்தடிச்ச கீரைன்னு சொன்ன பொறவுமா?"

அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள். அவள் களைக்கொல்லியைத் தின்றுவிட்டதாக நான் நம்பி அழுதபோதும், மூக்கில் குழாய் விடப்போகிறார்கள் என்று தெரிந்தபோதும், என் திட்டுதான் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. நான் அவளை அடித்ததில்லை. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

போன ஞாயிறும் களி கிண்டினேன். கீரை கடையில் வாங்கியது. "கீரை வைக்கட்டா, வேண்டாமா?" என்று கேட்டேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் வைங்கப்பா" என்றாள்.